உள்ளே இருக்கும் இழுப்பு

எந்தக் கனரக எந்திரத்தின் கையேட்டைப் புரட்டினாலும் ஓர் அட்டவணை இருக்கும். இடப்பக்கம் போல்ட்டின் பருமன், மேல்வரிசையில் அதன் தரம், கட்டங்களுக்குள் முறுக்குவிசை நியூட்டன் மீட்டரில். பட்டறையில் கிரீஸ் விரல்ரேகை அதிகம் பதிந்த பக்கம் அதுதான். எம்20 போல்ட், 8.8 தரம் என்றால் 400-ஐ ஒட்டி ஓர் எண் போட்டிருக்கும். டார்க் ரென்ச்சில் அந்த எண்ணை வைத்து, 'டிக்' என்று சத்தம் வரும்வரை இழுத்தால் வேலை முடிந்தது என்று புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லித் தருகிறோம். அவர்களும் அந்த எண்தான் போல்ட்டின் இறுக்கம் என்று மனதில் வாங்கிக்கொள்கிறார்கள். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. அட்டவணையில் இருப்பது கை எவ்வளவு உழைக்க வேண்டும் என்ற கணக்கு. போல்ட்டுக்குள் என்ன நடந்தது என்பது வேறு கணக்கு. இரண்டுக்கும் நடுவில் உராய்வு உட்கார்ந்திருக்கிறது.

போல்ட் என்பது ஒரு சுருள்வில் என்று நினைத்துப் பார்க்கக் கொஞ்சம் தயக்கமாக இருக்கும்; பார்வைக்கு அது அசையாத எஃகுத் துண்டு. ஆனால் நட்டைத் திருகும்போது மரையின் சரிவு போல்ட்டின் தண்டைப் பிடித்து இழுக்கிறது, தண்டு நீளுகிறது. எம்20 போல்ட்டில் 100 மில்லிமீட்டர் கனத்துக்குத் தகடுகள் பிடிபட்டிருந்தால் அந்த நீட்சி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. திரும்ப விடாமல் தகடுகள் தடுக்கின்றன. அந்த மல்லுக்கட்டில் பிறக்கும் விசைதான் தகடுகளைப் பிடித்து வைத்திருக்கிறது. பாரத்தைத் தாங்குவது போல்ட்டின் பருமன் என்று பலர் எண்ணுகிறார்கள். பருமன் தேவைதான், ஆனால் இணைப்பை இணைப்பாக வைத்திருப்பது அந்த 0.2 மில்லிமீட்டர்.

எண்களை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. 8.8 என்பதில் முதல் 8, போல்ட் அறுந்துபோகும் வலிமை 800 மெகாபாஸ்கல் என்கிறது. புள்ளிக்குப் பின்னால் வரும் 8, அதில் எண்பது விழுக்காட்டை எட்டியதும் எஃகு மீளாமல் நீளத் தொடங்கும் என்கிறது. எம்20 போல்ட்டின் மரைப்பகுதியில் சுமைதாங்கும் பரப்பு 245 சதுர மில்லிமீட்டர். அது நிரந்தரமாக நீளாமல் தாங்குவதாக உறுதி தரப்பட்ட சுமை 147 கிலோ நியூட்டன். அதில் முக்கால் பங்கு, அதாவது 110 கிலோ நியூட்டன் அளவுக்கு இழுத்து வைப்பது வழக்கம். 11 டன்னுக்குச் சற்று மேல். உள்ளங்கையில் அடங்கும் ஒரு நட்டு, சுமையேற்றிய ஒரு சிறு லாரியின் எடைக்குச் சமமான இழுப்பைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கிறது.

இந்த இழுப்பை வரவைக்க எவ்வளவு முறுக்க வேண்டும்? பொறியாளர்கள் பயன்படுத்தும் சூத்திரம் மிகச் சிறியது. தேவையான இழுவிசையைப் போல்ட்டின் விட்டத்தால் பெருக்கி, அதை ஒரு குணகத்தால் பெருக்க வேண்டும். எண்ணெய் பூசாத சாதாரண எஃகுக்கு அந்தக் குணகம் ஏறத்தாழ 0.2. பெருக்கினால் 440 நியூட்டன் மீட்டர் வருகிறது. இழுவிசையும் விட்டமும் வரைபடத்திலேயே உறுதியாகிவிடுகின்றன. குணகம் மட்டும் பட்டறையில்தான் உருவாகிறது. மரையில் ஒட்டிய தூசி, துரு, துத்தநாகப் பூச்சு, போன தடவை கழற்றியபோது விழுந்த கீறல், துடைத்த துணியில் மிச்சமிருந்த எண்ணெய் என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த 0.2. அது புத்தகத்தில் மாறிலி மாதிரி நிற்கிறது. போல்ட்டுக்குப் போல்ட் அது மாறிக்கொண்டே இருக்கும்.

கையின் உழைப்பு எங்கே போகிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முறுக்குவதில் ஏறத்தாழ பாதி, நட்டின் அடிமுகம் வாசரின்மேல் உரசுவதிலேயே கரைந்துவிடும். இன்னொரு நாற்பது விழுக்காடு மரைகளுக்குள் உரசிப் போகும். போல்ட்டை நீட்டப் பயன்படுவது மிச்சமிருக்கும் பத்து விழுக்காடு. நமக்கு வேண்டியது அந்தப் பத்து. நாம் அளப்பது நூறு. உராய்வு சிறிது கூடினாலோ குறைந்தாலோ அந்தப் பத்து சரியும், அல்லது எகிறும்.

அதே எம்20, அதே 440. மரையிலும் நட்டின் அடியிலும் எஞ்சின் ஆயில் பட்டிருந்து குணகம் 0.15-க்கு இறங்கினால், உள்ளே வரும் இழுவிசை 147 கிலோ நியூட்டன். உறுதி தரப்பட்ட எல்லையின் விளிம்பிலேயே போல்ட் நிற்கிறது. மாலிப்டினம் கிரீஸ் பூசி 0.12-க்கு இறங்கினால் 183 கிலோ நியூட்டனைத் தாண்டும். எல்லை உடைந்து போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும். துருப்பிடித்து 0.3-க்கு ஏறினால் 73 கிலோ நியூட்டன்தான் தேறும். மூன்று தடவையும் ரென்ச் ஒரே சத்தம்தான் போட்டிருக்கும். வேலை பார்த்தவர் மூன்று தடவையும் விதிப்படிதான் செய்திருப்பார். நல்லது என்று நினைத்துக் கிரீஸ் தடவியவர் போல்ட்டைக் கெடுத்திருக்கிறார், அது அவருக்குத் தெரியவே தெரியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது சங்கடப்படுகிறது. அக்கறை எடுத்துச் செய்தவரே அடிபடும்படி ஓர் எண்ணை, அதன் நிபந்தனைகளைச் சொல்லாமல் அச்சிட்டுக் கொடுக்கிறோம்.

மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவரைக் கவனித்தவர்களுக்கு இது உடனே புரியும். கல்லையும் கட்டையையும் வைத்து மூட்டின்மேல் தட்டுகிறார். வார் இறுகுகிறது, தோல் விறைக்கிறது. எத்தனை அடி என்று அவர் எண்ணுவதில்லை. ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் விரலால் மீட்டிக் காதைக் கொடுக்கிறார். ஈரமான நாளில் கூடுதல் அடி, வெயிலில் குறைவு. வேண்டியது தோலின் இழுப்பு. அதை நாதம் சொல்கிறது. டார்க் ரென்ச் நமக்குச் சொல்வது எத்தனை அடி அடித்தோம் என்பதை. நாதத்தைக் கேட்க அதனிடம் காது இல்லை.

இந்தக் கருவியை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வருவதற்கு முன்னால் இறுக்கம் என்பது முழங்கையின் பலமும் மேஸ்திரியின் குரலும்தான். நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார், தரைக்கடியில் ஓடும் பெருங்குழாய்களின் போல்ட்டுகளை ஆட்கள் அளவுக்குமீறி முறுக்கிவிடுவதைத் தடுக்க 1918-இல் இந்தக் கருவியை உருவாக்கியதாகச் சொல்லியிருக்கிறார். 1930-களில் அமெரிக்கக் கார் ஆலைகளில் அது பரவியது. சிலிண்டர் ஹெட்டில் ஒரு போல்ட் அதிகமாகவும் அடுத்தது குறைவாகவும் இறுகுவதால் வந்த கோளாறுகள் எத்தனையோ அதனால் குறைந்தன. நான் சொல்வது அதன் துல்லியம் எந்த இடத்தோடு நிற்கிறது என்பதை மட்டும்தான். பன்னாட்டுத் தரப்படி ஒரு நல்ல 'டிக்' ரென்ச்சின் பிழை நான்கு விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 5,000 இழுப்புக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒருமுறை அதைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். அப்படிச் சான்று பெற்ற ரென்ச்சால் இறுக்கிய போல்ட்டுகளின் இழுவிசையை அளந்தாலும் அது இருபத்தைந்து, முப்பது விழுக்காடு வரை மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் ரென்ச்சைப் பற்றியது. மரையைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.

அமெரிக்க எஃகுக் கட்டுமானத் துறை இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. பாலங்களிலும் உயரக் கட்டடங்களிலும் ரிவெட்டின் இடத்தை உயர்வலிமைப் போல்ட் பிடிக்கத் தொடங்கியபோது, முதல் விதிமுறை 1951-இல் வெளிவந்தது. இன்று அந்தத் துறையின் விதிகள், அட்டவணையிலிருந்தோ சூத்திரத்திலிருந்தோ எடுத்த முறுக்கு எண்ணை வைத்து இறுக்குவதை ஏற்பதில்லை. ரென்ச்சால் இறுக்குவதென்றால், அன்றைக்குப் பயன்படுத்தப்போகும் போல்ட்டுகளில் சிலவற்றை எடுத்து, வேலை நடக்கும் இடத்திலேயே இழுவிசை காட்டும் கருவியில் பொருத்தி, எந்த முறுக்குக்கு எவ்வளவு இழுவிசை வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இதை ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும். நேற்று மழையில் நனைந்த பீப்பாயிலிருந்து வரும் போல்ட்டும் இன்று பெட்டி பிரித்த போல்ட்டும் ஒன்றல்ல என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. பொறியியல் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஓர் எண்ணை எல்லாக் காலத்துக்கும் பொதுவாக்காமல், அன்றைய வெயிலுக்கும் அன்றைய துருவுக்கும் பொறுப்பேற்கச் சொல்கிறது.

இழுவிசையை இன்னும் கிட்டத்திலிருந்து பிடிக்கும் வழிகளும் உண்டு. முதலில் தகடுகள் ஒட்டும்வரை இறுக்கிவிட்டு, பிறகு நட்டை இத்தனை பாகை சுற்று என்பது ஒரு வழி. மரையின் இடைவெளி மாறாது என்பதால் சுற்று நேரடியாக நீட்சியாகிறது, உராய்வுக்கு அங்கே அதிகம் வேலையில்லை. ஸ்டட்டுகள் எனப்படும் தலையில்லாத பெரிய போல்ட்டுகளை ஹைட்ராலிக் கருவியால் நேராக இழுத்துப் பிடித்துக்கொண்டு நட்டைக் கையால் ஓட்டி உட்காரவைப்பது இன்னொன்று. மூன்றாவது, போல்ட்டின் தலையிலிருந்து மீயொலியை அனுப்பி, அது அடிமுனை வரை போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது. இழுபட்ட போல்ட்டில் ஒலிக்குத் தூரமும் கூடுகிறது, வேகமும் குறைகிறது. எஃகைக் காதால் கேட்கும் வழி அது ஒன்றுதான். ஆனால் இவையெல்லாம் பணமும் நேரமும் கேட்பவை. உலகத்து நட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இன்னும் முறுக்கு எண்ணை நம்பித்தான் நிற்கின்றன. எனவே அந்த எண்ணை ஒழுங்காகப் படிப்பது எப்படி என்பதே நமக்கு முன்னுள்ள கேள்வி.

இறுக்கி முடித்த பிறகும் கதை முடிவதில்லை. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் எஃகு முகங்கள் நுண்ணிய மேடுகளால் ஆனவை. அழுத்தத்தில் அந்த மேடுகள் மெல்ல நசுங்கிப் படிகின்றன. மொத்தம் 0.02 மில்லிமீட்டர் படிந்தது என்று வைத்துக்கொள்வோம். 0.2 நீண்ட போல்ட்டில் அது பத்தில் ஒரு பங்கு இழப்பு. ஆனால் தகடுகளின் கனம் 20 மில்லிமீட்டர்தான் என்றால் அதே விசைக்குப் போல்ட்டின் நீட்சியே 0.04-தான், அதில் 0.02 போனால் பாதிப் பிடிமானம் போயிற்று. நட்டு ஒரு பாகைகூடச் சுழன்றிருக்காது. குட்டைப் போல்ட்டுகள் சீக்கிரம் தளர்வதற்குக் காரணம் இது.

லாரிச் சக்கரத்தில் இதை நேராகப் பார்க்கலாம். தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) போகும் முன் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு; டிஸ்க்கும் டிரம்மும் சேர்ந்து பளபளக்கும். டிஸ்க் உட்காரும் முகத்தில் 0.1 மில்லிமீட்டர் பெயின்ட் இருந்தால், சூட்டிலும் அழுத்தத்திலும் அது நசுங்கி வெளியேறும்போது ஸ்டட்டின் நீட்சி முழுவதும் அதோடு போய்விடக்கூடும். சக்கரம் மாட்டிய பின் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி ரென்ச் வைத்துப் பாருங்கள் என்று கையேடு சொல்வது இதனால்தான். நெடுஞ்சாலைப் பஞ்சர் கடையில் அதற்கு யாருக்கும் பொழுதில்லை. அதற்குப் பதிலாக வீல் ஸ்பேனரில் நீளமான பைப்பை மாட்டி, அதன்மேல் ஏறி நிற்கிறார்கள். 80 கிலோ எடையுள்ள ஒருவர் ஒன்றரை மீட்டர் பைப்பின் நுனியில் நின்றால் 1,170 நியூட்டன் மீட்டருக்கு மேல் விழும். கனரக வாகனங்களின் பெரிய சக்கர நட்டுகள் பலவற்றுக்குக் கேட்கப்படுவது 600-ஐ ஒட்டிய அளவுதான். எண்ணெய் பட்ட மரையானால் அந்த ஸ்டட் அப்போதே எல்லையைத் தாண்டி நீண்டுவிடும். பிறகு எங்கோ ஒரு சாலையில் அறுந்து விழும்போது "நட்டு லூஸாயிடுச்சுண்ணே" என்றுதான் பேச்சு வரும். ஏறி நின்றவரும் ஊருக்கு நல்லபடி போய்ச் சேரட்டும் என்றுதான் ஏறி நின்றார்.

நட்டுகள் ஏன் தாமாகவே கழல்கின்றன என்பதைச் சோதனையால் தெளிவாக்கியவர் ஜெர்மனியின் கெர்ஹார்ட் யுங்கர். 1969-இல் வெளியான ஆய்வில், போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, தகடுகளைப் பக்கவாட்டில் முன்னும் பின்னும் நகர்த்தும் அதிர்வுதான் நட்டைக் கழற்றுகிறது என்று காட்டினார். தகடு நழுவும் கணத்தில் மரையின் உராய்வு பக்கவாட்டில் செலவாகிவிடுகிறது. சுற்றுத் திசையில் தடுக்க எதுவும் மிஞ்சாமல், மரையின் சரிவு நட்டைப் பின்னால் உருட்டுகிறது. தகடு நழுவாத அளவுக்குப் பிடிமானம் இருந்தால் கழலவே கழலாது. இழுவிசைதான் உண்மையான பூட்டு. நம் கடைகளில் எடைபோட்டு விற்கும் ஸ்பிரிங் வாசரைப் பற்றி நாசா 1990-இல் வெளியிட்ட பொருத்திகளுக்கான கையேடு ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறது: போல்ட் முழுதாக இறுகும்போது அந்த வாசர் தட்டையாகிவிடும், அதன்பின் அதற்குப் பூட்டும் சக்தி ஏதுமில்லை. ஆனாலும் அதைப் போடாமல் விட நம் கை இன்னும் கூசுகிறது.

இழுவிசை போனபின் என்ன ஆகும் என்பதற்கு 2009 ஆகஸ்ட் 17 ஒரு பெரிய சாட்சி. ரஷ்யாவின் யெனிசெய் ஆற்றின்மீது இருக்கும் சயானோ-சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையம், 640 மெகாவாட் திறன் கொண்ட இரண்டாம் எந்திரம். ஏறத்தாழ 200 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தை அடியில் வைத்துக்கொண்டு டர்பைன் மூடி ஸ்டட்டுகளால் பிடித்து நிறுத்தப்பட்டிருந்தது. காலை எட்டேகால் மணியளவில் மூடி பிய்ந்தது. பல நூறு டன் எடையுள்ள எந்திரம் மேலே எழும்பியது, எந்திரக்கூடத்தில் வெள்ளம் புகுந்தது, 75 பேர் இறந்தார்கள். கிடைத்த ஸ்டட்டுகளில் 49-ஐ ஆராய்ந்தபோது 41-இல் உலோகச் சோர்வு விரிசல். எட்டு ஸ்டட்டுகளில் குறுக்குவெட்டின் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் முன்னமே அறுந்திருந்தது. ஆறு ஸ்டட்டுகளில் நட்டே இல்லாததற்கான அடையாளம்.

எஃகு ஒரே நாளில் இப்படிச் சோர்வதில்லை. நன்றாக இழுத்து வைத்த இணைப்பில், வெளியிலிருந்து வரும் ஏற்ற இறக்கச் சுமையில் ஒரு சிறு பங்குதான் போல்ட்டுக்குப் போகும். மிச்சம், போல்ட்டுகள் பிடித்திருக்கும் விளிம்பான ஃபிளாஞ்ச், அழுந்தியிருந்த நிலையிலிருந்து கொஞ்சம் இளகுவதிலேயே தீர்ந்துவிடும். போல்ட் தன் பெரிய இழுப்போடு ஏறத்தாழ அசையாமல் இருக்கும். இழுவிசை குறைந்து ஃபிளாஞ்சின் முகங்கள் பிரியத் தொடங்கிய பிறகு, ஒவ்வோர் அதிர்வும் முழுசாகப் போல்ட்டின்மேல் விழுகிறது. ஒரு ஸ்டட் தளர்ந்தால் அதன் பங்கு பக்கத்து ஸ்டட்டுக்குப் போகிறது. அதுவும் தளர்ந்தால் அடுத்ததுக்கு. அந்த எந்திரத்தின் அதிர்வு அளவைத் தாண்டியிருந்தும் ஓட்டம் நிற்கவில்லை. அத்தனை காலமும் மூடி மூடியாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றை நம்பி முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளைக் கடந்து போகிறவர்கள் இறக்கைகளைத்தான் பார்ப்பார்கள். அவற்றின் கோபுரம் துண்டு துண்டான எஃகுக் குழல்களால் ஆனது. துண்டும் துண்டும் சேரும் இடத்தில் உள்பக்கம் வட்டமாக வரிசையாகப் போல்ட்டுகள். இவ்வகைக் கோபுரங்களில் எம்36, 10.9 தரம் சாதாரணம். ஜெர்மன் விதிகளில் அதற்குக் கேட்கப்படும் இழுவிசை 510 கிலோ நியூட்டன், 52 டன். முறுக்கு 2,800 நியூட்டன் மீட்டர், அதுவும் மாலிப்டினம் பூச்சுள்ள நட்டாக இருந்தால். பூச்சைப் பற்றிய அந்த நிபந்தனை எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். பூச்சு காய்ந்தோ கழுவப்பட்டோ போன நட்டில் 2,800 என்பது பொருளில்லாத எண். ஆடிக்காற்று எழுந்துவிட்டால் எந்திரத்தை நிறுத்த யாருக்கும் மனம் வராது. எனவே காற்று தொடங்கும் முன், கொதிக்கும் பங்குனி சித்திரையில், ஹைட்ராலிக் ரென்ச்சையும் அதன் குழாயையும் தூக்கிக்கொண்டு அந்தக் குழலுக்குள் ஏறுகிறார்கள் இளைஞர்கள். உள்ளே காற்றோட்டம் இருக்காது. ஒரு மேடைக்கு நூறு போல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். கடைசிப் போல்ட்டுக்கும் முதல் போல்ட்டுக்குக் கொடுத்த கவனத்தையே கொடுக்க வேண்டும்.

இறுக்கியதும் நட்டின்மேலும் ஃபிளாஞ்சின்மேலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுவார்கள். அடுத்த முறை வருகிறவர் கோடு உடையாமல் நேராக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். நல்ல வழக்கம்; ஆனால் அந்தக் கோடு நட்டு சுழன்றதா என்பதை மட்டும்தான் காட்டும். மேடுகள் படிந்து கரைந்துபோன இழுவிசை அதில் தெரியாது. அதனால்தான் முதல் சில நூறு மணி நேர ஓட்டத்துக்குப் பின் மறுபடி இறுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வேலை நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவதும் அந்த இரண்டாம் சுற்றுதான். கோடு நேராகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிடுவது எளிது.

அந்தக் குழலுக்குள் ஏறுகிறவரிடம் கொடுக்கப்படும் தாளில் எண்ணோடு கூடவே எழுதவேண்டியவை உண்டு. மரை உலர்ந்திருக்க வேண்டுமா, பூச்சோடா. பூச்சென்றால் எது, மரையில் மட்டுமா, நட்டின் அடிமுகத்திலுமா. வாசரின் எந்தப் பக்கம் மேலே. எதிரெதிராக எந்த வரிசையில், எத்தனை கட்டங்களில். ஒருமுறை கழற்றியதைத் திரும்பப் போடலாமா. எத்தனை மணி நேரம் கழித்து மறுபடி வர வேண்டும். அவர் படிக்கிற மொழியில், தமிழென்றால் தமிழில், இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். எண் மட்டும் இருக்கும் தாளை வாங்கிக்கொண்டு, "சார், இது ஆயில் போட்டதுக்கா, போடாததுக்கா?" என்று கேட்கிற பையன் வேலை தெரிந்த பையன். தாளைத் தயாரித்த பொறியாளர் அவனுக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை அவன் ரென்ச்சைக் கையில் எடுக்காமல் இருப்பதை யாரும் தாமதம் என்று கணக்கில் எழுதக் கூடாது.